உறைக்குள் சிவப்பு
அத்தியாயம் 14

காலை ஐந்து மணிக்கு மல்சுக் கண் விழித்தபோது பற்கள் தந்தியடித்தன. தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. படுக்கை சூடாகத்தான் இருந்தது. குளிர் அவளுக்குள்ளிருந்து வந்தது.

விளக்கைப் போட்டு வலது கையைப் பார்த்தாள். முழங்கையிலிருந்து தோள் வரைக்கும் சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது. மேல்கையில் ஆறு வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஊசி குத்திய புள்ளிகள்.

போன வாரம் அவளை எங்கே விட்டோம் என்று ஞாபகம் இருக்கும். குளியலகத்தின் பின்னறையில் குப்புறப் படுத்திருந்தாள். கூட வேலை பார்க்கிற ஒக்கி அவள் கையில் ஊசியால் குத்தி, உறிஞ்சும் கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கெட்ட ரத்தம் வெளியே வந்தால் வீக்கம் வடிந்துவிடும் என்றாள் ஒக்கி. மசான் நகரத்துக் குளியலகங்களில் தோள்வலிக்கும் இடுப்புவலிக்கும் எல்லாரும் செய்துகொள்வதுதான். மல்சுக்குக்கு இருந்தது தோள்வலி இல்லை.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் புற்றுநோய்க்காக அவளுடைய வலது மார்பை எடுத்தார்கள். கூடவே அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கைக்குள் வருகிற நீருக்குத் திரும்பிப் போக வழியில்லை. கை ஊதிக்கொண்டே வந்தது. மகள் போரா மூன்று வாரத்துக்கு முன் அவளை இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய மருத்துவமனையில் காட்டினாள். ஏழு இடத்தில் அளந்தார்கள். இடது கையைவிட மூன்று சென்டிமீட்டர் பருமன். அளவுக்குத் தகுந்த அழுத்த உறை ஒன்று வந்து சேர்ந்தது. மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் தோல் நிறத்தில் இறுக்கிப் பிடிக்கும் துணி. விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரியும்படி ஒரு கையுறை. எழுந்ததும் போட வேண்டும், படுக்கும்போது கழற்ற வேண்டும். சூட்டில் நிற்கக் கூடாது. பாரம் கூடாது. கீறல் கூடாது.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று அந்த டாக்டர் கேட்டார்.

"வீட்டோடதான்" என்றாள் மல்சுக்.

அவள் இருபத்தாறு வருடமாகப் பொதுக் குளியலகத்தில் பெண்களின் முதுகு தேய்க்கிறவள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஆவியிலும் ஈரத்திலும் நிற்கிறவள். அன்றைக்கு போராவும் வாயைத் திறக்கவில்லை.

அந்த உறை மூன்று வாரமாக அலமாரியில் கிடந்தது. இன்றைக்கு மல்சுக் அதை எடுத்தாள். பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையை இடது கையில் மாட்டிக்கொண்டு, உறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றினாள். சிவந்த தோலில் அது உரசியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. நிறுத்தவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று. முடித்தபோது சிவப்பும் தெரியவில்லை, வட்டங்களும் தெரியவில்லை.

புத்தாண்டுக்கு முதல் நாள். போரா பஸ்ஸில் பத்து மணிக்கு வந்துவிடுவாள்.

இரண்டு காய்ச்சல் மாத்திரையை மூலிகைக் கஷாயத்தோடு விழுங்கிவிட்டுக் கிளம்பினாள்.

* * *

சோல்லால் என்கிற சந்திரப் புத்தாண்டுக்கு முதல் நாள் ஊரே குளிக்க வரும். பழைய வருடத்து அழுக்கோடு முன்னோர் படத்துக்கு முன் நிற்க யாருக்கும் மனம் வராது. ஆறு மணிக்குக் கதவு திறந்தது. ஏழு மணிக்குள் மல்சுக்கின் கொக்கிகளில் பதினெட்டுச் சாவிகள் தொங்கின. துணி வைக்கிற அலமாரியின் சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டு வெந்நீர்த் தொட்டியில் ஊறுவார்கள். யார் சாவி முன்னால் இருக்கிறதோ அவள் முன்னால் கட்டிலில் ஏறுவாள். அந்தக் குளியலகத்தில் தேய்க்கிற கட்டில் இரண்டு. தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்றாம் கட்டில் மல்சுக்கினுடையது. இரண்டாவது ஒக்கியுடையது.

மல்சுக் கறுப்பு உள்ளாடையோடு வந்து நின்றாள். தேய்க்கிறவர்களுக்கு அதுதான் சீருடை. வலது பக்கம் பஞ்சு வைத்துத் தைத்தது. உறை நனையாமல் இருக்க, காய்கறி சுற்றுகிற பிளாஸ்டிக் தாளைக் கை முழுக்கச் சுற்றியிருந்தாள்.

ஒக்கி பார்த்தாள்.

"என்னக்கா, மிச்சம் வச்ச முள்ளங்கி மாதிரி சுத்திட்டு வந்திருக்க. எடுத்து ஃபிரிட்ஜ்ல வைக்கவா?"

"வாயை மூடிட்டு வேலையப் பாரு."

"கிண்ணம் வச்சதுல வீக்கம் வடிஞ்சுதா இல்லையா?"

"வடிஞ்சுது."

"நான் சொன்னேன்ல! ரத்தம் எப்படிக் கறுப்பா வந்துச்சு, பாத்தேல்ல?"

 மல்சுக் ஒரு வாளி வெந்நீரை எடுத்துக் கட்டிலில் ஊற்றினாள்.

இந்தக் கட்டில் அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். அறுவைக்குப் பிறகு எட்டு மாதம் வீட்டில் கிடந்தபோது அவளுடைய வாடிக்கைக்காரிகள் ஒக்கியிடம் போனார்கள். அவள் திரும்பி வந்தபோது பாதிப் பேர்தான் திரும்பினார்கள். இன்னொரு முறை படுத்தால் மிச்சப் பாதியும் போய்விடும். மார்ச் மாதம் போராவுக்கு இஞ்சியோன் நகரத்துச் சரக்கு நிறுவனத்தில் வேலை நிரந்தரம் ஆகிறது. ஆனதும் கட்டிலை விட்டுவிடலாம். வீட்டில் உட்கார்ந்து அந்த உறையை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்கலாம். அதுவரைக்கும் கை தாங்கினால் போதும். இப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

முதல் ஆறு பேரை இடது கையாலேயே தேய்த்து அனுப்பினாள். ஏழாவதாக நெத்திலிக் கடைக்காரி ஏறினாள். பதினைந்து வருட வாடிக்கை. குப்புறப் படுத்துக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"மல்சுக், தடவிக் குடுக்குறியா? நான் என்ன பூனைக் குட்டியா?"

"இன்னும் கொஞ்சம் ஊறியிருக்கணும் நீ."

"அரை மணி நேரம் ஊறினேன். விரலப் பாரு, உலர்ந்த பேரீச்சம்பழம் மாதிரி இருக்கு. நாளைக்கு மாமியார் படத்துக்கு முன்னால நிக்கணும்டி. உயிரோட இருக்கும்போதே அந்தப் பொம்பள என்னைப் பாத்து மூக்கைப் பொத்துவா."

மல்சுக் வலது கையில் பச்சைத் தேய்ப்புத் துணியை மாட்டி அழுத்தினாள். தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஏதோ கிழிந்தது மாதிரி வலித்தது. பிளாஸ்டிக்குக்குள் தண்ணீர் புகுந்துவிட்டிருந்தது. நனைந்த உறை கையை நெரித்தது. உறைக்கு வெளியே தெரிந்த விரல்கள் நெல்லிக்காய் மாதிரி பளபளத்தன.

நெத்திலிக் கடைக்காரி எழுந்து போகும்போது கோபப்படவில்லை. "உடம்பப் பாத்துக்க" என்றாள். கொக்கியில் அவளுடைய மருமகளின் சாவி காத்திருந்தது. அதை எடுத்து ஒக்கியின் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாள்.

மல்சுக் அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி அடுத்த வாளியை எடுத்தாள்.

* * *

போரா பத்தரைக்கு வந்தாள். பஸ் நிலையத்திலிருந்து நேராக வந்திருந்தாள். சோப்புக் கூடையோடு ஆவிக்குள் நுழைந்தவள் அம்மாவின் கையைப் பார்த்ததும் நின்றாள்.

"அம்மா! போட்டுட்டியா!"

"போடு போடுன்னு உயிர எடுத்தேல்ல."

"எத்தனை நாளா போடுற?"

"நாளா என்ன... போட்டுட்டுத்தான் இருக்கேன்."

இருபத்தொன்பது வயதுப் பெண், அழுகிற மாதிரி சிரித்தாள். மூன்று வாரமாகத் தினமும் தொலைபேசியில் கெஞ்சியவள் அவள். உறையை எப்படி மடிப்பு இல்லாமல் ஏற்றுவது என்று இணையத்தில் பார்த்துப் பார்த்து அம்மாவுக்கு அனுப்பியவள். எதற்கும் பதில் வந்ததில்லை.

"ஆனா இங்க போடக் கூடாதும்மா. நனையுது பாரு. இன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டிருக்கலாம்ல?"

"இன்னிக்கு லீவு போட்டா இந்த வருஷம் பூரா லீவுதான். ஏறு மேல."

"எனக்கு முன்னாடி பத்துப் பேர் இருக்காங்க."

"என் பொண்ணு. யார் என்ன கேப்பா?"

தொட்டியிலிருந்து ஒரு குரல் வந்தது. "நான் கேப்பேன் சித்தி! ஏழு மணிலேருந்து வெந்துட்டிருக்கேன். இன்னும் கொஞ்ச நேரம் போனா நூடுல்ஸ் போட்டுச் சாப்பிடலாம் இந்தத் தண்ணிய."

"நீ வெந்ததும் சொல்லு, வரேன்" என்றாள் மல்சுக்.

போரா கட்டிலில் குப்புறப் படுத்தாள். சின்ன வயதில் இந்தக் கட்டிலில் அவள் கத்தாத நாள் இல்லை. அம்மாவின் கை மரம் இழைக்கிற கருவி மாதிரி இருக்கும். தேய்த்து முடித்ததும் முதுகு தக்காளி நிறத்தில் எரியும். இன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வலிக்கவில்லை. துணி முதுகின் மேல் ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது.

"அம்மா."

"என்ன."

"அழுத்தவே இல்லையே நீ."

"உன் தோல் மெலிசாயிடுச்சு. சாப்பிடறதே இல்ல போல."

போரா திரும்பிப் பார்த்தாள். வெந்நீர்த் தொட்டிக்கு இரண்டடி தள்ளி, எல்லாரும் வியர்த்துக்கொண்டிருந்த இடத்தில், அம்மா நடுங்கிக்கொண்டிருந்தாள். தாடை ஆடியது. உதடு நீலம்.

எழுந்து உட்கார்ந்து அம்மாவின் நெற்றியில் கை வைத்தாள். பிறகு பிளாஸ்டிக் தாளைப் பிய்த்தாள்.

"ஏய், விடு. நனைஞ்சிடும்."

"நனைஞ்சுதான் இருக்கு."

"போரா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். இங்க யாரு துணி போட்டுட்டு நிக்கிறா?"

உறையின் மேல்விளிம்பைப் பிடித்துக் கீழே உருட்டினாள். தோளில் ஆழமாக ஒரு பள்ளம் பதிந்திருந்தது. அதற்குக் கீழே எல்லாம் சிவப்பு. அந்தச் சிவப்பில் ஆறு வட்டங்கள்.

 போரா இரண்டாம் கட்டிலைப் பார்த்துத் திரும்பினாள். நெத்திலிக் கடை மருமகள் அங்கே மல்லாந்து கிடந்தாள்.

"ஒக்கி சித்தி. இது உங்க வேலையா?"

ஒக்கியின் கை நின்றது. "எது?"

"இந்தக் கைல ஊசி குத்தினது."

"வீங்கிப் போய் அழுதாளேன்னு... நானும் தோள்ல வச்சுக்கிட்டேன். மூணு நாள்ல சரியாப் போச்சு."

"உங்களுக்கு அக்குள்ல கணுவெல்லாம் இருக்கு! அம்மாவுக்கு இல்ல! அந்தக் கைல ரத்த அழுத்தம்கூடப் பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, நீங்க ஆறு இடத்துல ஓட்டை போட்டிருக்கீங்க."

"எனக்கு யாரு சொன்னா? உங்க அம்மா ஒரு வார்த்தை சொன்னாளா? வெறும் வீக்கம்னுதானே சொன்னா?"

ஒக்கியின் குரல் உடைந்தது. தொட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் கழுத்து வரைக்கும் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவளத் திட்டாத" என்றாள் மல்சுக். "நான்தான் கேட்டேன்."

"அப்ப இந்த உறை? நான் வரேன்னு இத மறைக்கத்தான் போட்டியா?"

மல்சுக் வாளியைத் தேடினாள். வாளி கையிலேயே இருந்தது.

"டிரஸ் மாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"இன்னும் பத்துச் சாவி தொங்குது."

"அக்கா, நீ போ" என்றாள் ஒக்கி. "உன் சாவியெல்லாம் நான் பாத்துக்கறேன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். மல்சுக்கும் அது தெரிந்தே கேட்டாள். கொக்கிகளிலிருந்து சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒக்கியின் பக்கம் மாட்டினாள். வரிசை மாறாமல் மாட்டினாள். அதற்கு நேரம் பிடித்தது. அதுவரை போரா காத்திருந்தாள்.

* * *

அவசரப் பிரிவில் இடமில்லை. பண்டிகைக்குப் பலகாரம் சுடும்போது எண்ணெய் தெறித்தவர்கள், அரிசி அப்பம் வெட்டும்போது விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டவர்கள். ஒரு கிழவர் முழங்கையில் மாவோடு உட்கார்ந்திருந்தார். ஈரத் தலையோடு போராவும் மல்சுக்கும் சுவரோரம் ஒரு நாற்காலியைப் பகிர்ந்துகொண்டார்கள்.

செவிலி வந்து ரத்த அழுத்தப் பட்டையை வலது கையில் சுற்றப் போனாள். "அந்தக் கை வேணாம்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

டாக்டர் போராவைவிட ஒன்றிரண்டு வயது மூத்த பெண். நேற்றிலிருந்து தூங்காத முகம். கையைப் பார்த்தாள். பேனாவால் சிவப்பின் எல்லையைச் சுற்றிக் கோடு போட்டாள். போராவின் மடியில் ஈரமாகக் கிடந்த உறையை எடுத்துப் பார்த்தாள்.

"இதை எப்ப போட்டீங்க?"

"காலைல. அஞ்சேகாலுக்கு."

"போடும்போதே சிவந்திருந்துதா?"

"ம்."

"தினமும் போடுவீங்களா?"

"இல்ல. இன்னிக்குத்தான்."

"போட வேண்டிய நாள்ல எல்லாம் போடல. போடக் கூடாத நாள்ல போட்டிருக்கீங்க." டாக்டரின் குரலில் கோபம்கூட இல்லை. அதற்குத் தெம்பில்லை. "ஊசி குத்தின வழியா கிருமி உள்ள போயிருக்கு. இந்தக் கையால அத எதிர்த்து நிக்க முடியாது. நாளைக்கு வந்திருந்தீங்கன்னா ரத்தத்துல கலந்திருக்கும். படுத்து மருந்து ஏத்தணும். அஞ்சு நாளாவது ஆகும்."

"உறை?" என்றாள் போரா.

"சூடும் சிவப்பும் போகிற வரைக்கும் வேணாம். அதுக்கப்புறம் திரும்ப அளந்துதான் போடணும். இந்தத் தடவை வீங்கினது முழுசா வடியும்னு சொல்ல முடியாது. பழைய அளவு சேராமப் போகலாம்."

போரா உறையை டாக்டரிடமிருந்து வாங்கி மடித்தாள். மூன்று வாரமாக அதுதான் அவளுக்கு எல்லாவற்றுக்கும் மருந்தாக இருந்தது.

"என்ன வேலை பாக்குறீங்கம்மா?" என்றாள் டாக்டர்.

"வீட்டோட..."

"குளியலகத்துல தேய்க்கிற வேலை" என்றாள் போரா. "இருபத்தாறு வருஷமா. இன்னிக்குக் காலைலகூட எட்டுப் பேர். நான் எட்டாவது."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு மல்சுக்கைப் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பார்த்தாள்.

"அந்த வேலைக்கு இந்தக் கை ஒத்துவராதும்மா. காய்ச்சல் இறங்கட்டும், பேசலாம்."

அவள் அடுத்த திரைக்குள் போனதும் மல்சுக் சொன்னாள்: "வாய வச்சிட்டுச் சும்மா இருக்க முடியாதா உன்னால?"

"போன தடவை சும்மா இருந்தேன். அதான் இங்க உக்காந்திருக்கோம்."

"மார்ச் வரைக்கும்தான்னு சொன்னேன்ல. உனக்கு நிரந்தரம் ஆகட்டும், நானே விட்டுடறேன்னு சொன்னேன்ல."

 போரா ஈர முடியைப் பிழிந்து பின்னால் போட்டுக்கொண்டாள்.

இடது கையில் ஊசி ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில், உள்ளே சேர்ப்பதற்கான படிவத்தோடு ஓர் அலுவலகப் பெண் கணினி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நோயாளி பேர் சரியா இருக்கு. தொழில் இதுல வீட்டுப் பணின்னு இருக்கு. மாத்தணுமா?"

மல்சுக் மகளைப் பார்த்தாள். "மாத்துங்க. அழுக்குத் தேய்க்கிறது."

அந்தப் பெண் தட்டினாள். "கூட இருக்கிறவங்க?"

"பொண்ணு."

"வேலை பாக்குற இடம்?"

போரா இஞ்சியோன் நிறுவனத்தின் பெயரைச் சொன்னாள். வேகமாகச் சொன்னாள்.

"அந்த நிறுவனக் காப்பீட்டுலதானே அம்மாவும் இருந்தாங்க?" அந்தப் பெண் திரையை உருட்டினாள். "இந்த மாசம் மூணாம் தேதியோட அது முடிஞ்சிருக்கு. அம்மா இப்ப தனியா, கம்பெனி இல்லாதவங்க கட்டுற வட்டாரக் காப்பீட்டுல காட்டுது. கம்பெனி மாறிட்டீங்களா? புதுசு சொன்னா போட்டுடறேன்."

போரா மடித்த உறையைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அப்புறம் சொல்றேனே" என்றாள்.

"பரவாயில்ல, காலியா விட்டுடறேன்." வண்டி உருண்டு போயிற்று.

அடுத்த திரைக்குப் பின்னால் யாரோ விரலில் தையல் போடும்போது கத்தினார்கள். மல்சுக் அது முடிகிற வரைக்கும் காத்திருந்தாள்.

"மூணாம் தேதி."

"அம்மா..."

"பதிமூணு நாளாச்சு. தினமும் போன் பண்ணினே. உறையப் போட்டியா, உறையப் போட்டியான்னு கேட்டே."

"சொல்லணும்னுதான் இருந்தேன். பண்டிகை முடியட்டும்னு."

"அவங்க அனுப்பினாங்களா, நீயா விட்டியா?"

"நானா விட்டேன்."

மல்சுக் தலையை ஆட்டினாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. முதுகு வலித்தது, தொண்டை வறண்டிருந்தது, அவ்வளவுதான். வலது கை போர்வைக்கு மேல் தனியாகக் கிடந்தது. பேனாக் கோட்டைத் தாண்டிச் சிவப்பு ஒரு விரல் அகலம் போயிருந்தது.

போரா நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "ஏன்னு கேளு. கேளும்மா. நீ நினைக்கிற மாதிரி இல்ல."

செவிலி மருந்துப் பையை மாற்ற வந்தாள். மல்சுக் அவளைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, அஞ்சு நாள்னு சொன்னாங்க டாக்டர். மூணு நாள்ல முடியாதா?"

"ஏன் பாட்டி, வீட்ல யாரும் இல்லையா?"

"இருக்காங்க. நான் வேலைக்குப் போகணும்."

போரா அம்மாவின் நல்ல கையைப் பிடித்தாள். மருந்து ஏறுகிற கை அது. மல்சுக் விடுவித்துக்கொள்ளவில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போரா எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். மல்சுக் கண்ணை மூடிக்கொண்டாள்.